பூட்டிய முற்றத்தில் ஒரு கல்வெட்டு



வட்டார வரலாற்றுக்காக ஏற்பட்ட இந்த அறக்கட்டளையின் மேடையில் கோயில், ஏரி, பாளையம், துறைமுகம் என்றுதான் பேசி வந்திருக்கிறார்கள். இத்தாலியில் பாழடைந்து கிடக்கும் ஒரு மனநல மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான் எழுதி அனுப்பியதும், அமைப்பாளர்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்துக் கொஞ்சம் தயங்கி, “ஐயா, பேய்க்கதை வருமா?” என்று கேட்டார். வராது என்றேன். அவருக்குச் சற்று ஏமாற்றம்தான்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கைவிடப்பட்ட கட்டடங்களுக்குள் புகுந்து படம் எடுத்துவருவது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு தனிப் பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. அதில் மனநல மருத்துவமனைகளுக்கு எப்போதும் முதலிடம். அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். உரிந்து தொங்கும் சுவர்ப்பூச்சு, ஜன்னல் வழியே உள்ளே படர்ந்த கொடி, நீண்ட கூடத்தின் நடுவே தன்னந்தனியாக ஒரு சக்கர நாற்காலி. எந்த நாட்டுப் படமானாலும் அந்த நாற்காலி உண்டு. யாரோ ஒருவர் அதை வெளிச்சம் விழும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தியிருப்பார் என்பது என் சந்தேகம். இரவில் அழுகுரல் கேட்கிறது என்று படத்துக்குக் கீழே எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அங்கே இருந்தவர்கள் யார், எந்தச் சட்டப்படி அடைக்கப்பட்டார்கள், யார் சம்பளம் கொடுத்தார், யார் சோறு பொங்கினார் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது. பேய் என்ற சொல் வரலாற்று ஆசிரியனுக்கு வேலை இல்லாமல் செய்துவிடும். அதனால்தான் அமைப்பாளரிடம் வராது என்றேன்.

ஊரின் பெயர் வோல்தெர்ரா. டஸ்கனி மாநிலத்தில், பீசா மாவட்டத்தில், 500 மீட்டருக்கு மேல் உயரமான குன்றின் மீது மதில் சூழ்ந்த பழைய ஊர். இன்றைய மக்கள்தொகை பத்தாயிரம் அளவில்தான். ஆனால் ரோமானியர்களுக்கு முன்பே எத்ருஸ்கர்களின் பெருநகரங்களில் ஒன்றாக இருந்தது. வேலத்ரி என்பது அவர்கள் வைத்த பெயர். எத்ருஸ்கர்கள் தங்கள் இறந்தோரின் சாம்பலை இட்டுவைத்த கற்பேழைகள் 600-க்கு மேல் இவ்வூர் குவார்னாச்சி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1761-இல் மாரியோ குவார்னாச்சி என்ற பாதிரியார் தன் சேகரிப்பு முழுவதையும் ஊர் மக்களுக்கென்று எழுதி வைத்ததில் பிறந்த அருங்காட்சியகம் அது. அலபாஸ்டர் எனும் மென்மையான வெண்கல்லைக் கடைந்து பொருள் செய்வது ஊரின் பரம்பரைத் தொழில். குன்றின் உச்சியில் மெதிச்சி காலத்துக் கோட்டை. அது இன்றும் சிறைச்சாலை. இவ்வளவும் சுற்றுலாக் கையேட்டில் கிடைக்கும். கையேட்டில் அரைப்பக்கம்கூடப் பெறாத இன்னொரு செய்தி, இருபதாம் நூற்றாண்டில் இவ்வூரின் ஆகப் பெரிய தொழில் எது என்பது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான். சுற்று வட்டாரத்தில் ஒருவனை வோல்தெர்ராவுக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னால் போதும், விளக்கம் தேவையில்லை. நமக்குக் கீழ்ப்பாக்கம் போல.

தொடக்கம் மிகச் சாதாரணமானது. ஊருக்கு வெளியே சான் ஜிரோலாமோ என்ற பழைய துறவியர் மடத்தில் ஏழைகளுக்கான விடுதி ஒன்று நடந்துவந்தது. 1880-களின் பிற்பகுதியில் அதோடு மனநோயாளிகளுக்கும் ஒரு பிரிவு சேர்ந்தது. அன்றைய இத்தாலியில் ஏழை மனநோயாளிகளைப் பராமரிக்கும் செலவு மாவட்ட நிர்வாகங்களின் தலையில் விழுந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டணம். அதுவரை பீசா மாவட்டத்து நோயாளிகள் சியேனாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதைவிடக் குறைந்த கட்டணத்தில் வைத்துக்கொள்கிறோம் என்றது வோல்தெர்ரா. கருணையும் கணக்கும் சேர்ந்தே பிறந்த நிறுவனம். கட்டணம் மலிவு என்பதால் பிற்காலத்தில் தொலைதூர மாவட்டங்களும் ஆட்களை இங்கே அனுப்பின. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரோமில் பிறந்த ஒருவர் இந்தக் குன்றுக்கு எப்படி வந்தார் என்பதற்கு இது பின்னால் உதவும்.

1904-இல் வந்த சட்டம் நிலைமையை இறுக்கியது. தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர், அல்லது பொது இடத்தில் இழிவு உண்டாக்குபவர் என்று கருதப்படும் மனநோயாளியைக் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்றது அது. மருத்துவச் சான்றும் அதிகாரியின் ஆணையும் போதும். பிறகு நீதிமன்றம் அதை நிரந்தரமாக்கும். உள்ளே போனவரின் பெயர் குற்றப்பதிவேட்டில் ஏறும். திருடனுக்கும் மனநோயாளிக்கும் ஒரே ஏடு. விரும்பி வந்து சேர்ந்து, விரும்பியபோது வெளியே போகலாம் என்ற வழி 1968-இல்தான் வந்தது. குற்றப்பதிவேட்டில் எழுதும் வழக்கமும் அந்த ஆண்டுதான் ஒழிந்தது. ஆபத்து, இழிவு என்ற இரண்டு சொற்களுக்குள் யாரை வேண்டுமானாலும் அடக்கலாம் என்பதைச் சட்ட மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1900-இல் இங்கே இயக்குநராக வந்தவர் லூயிஜி ஸ்காபியா. வட இத்தாலிக்காரர், இளைஞர். 1934 வரை அந்த நாற்காலியில் இருந்தார். நான் இன்று பேசும் இடத்தை உருவாக்கியவர் இவர் ஒருவரே என்று சொன்னாலும் பிழையில்லை. நோயாளியைக் கட்டி வைக்கக் கூடாது, வேலை கொடுக்க வேண்டும், மதிலுக்குள் வைத்துப் பூட்டுவதற்குப் பதில் ஒரு கிராமம் போல வாழவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கொள்கையோடு நில்லாமல் செய்தும் காட்டினார். குன்றின் சரிவில் தனித்தனிக் கட்டடங்கள் எழுந்தன. செங்கல் சூளை வைத்தார். சுட்ட செங்கல்லைக் கொண்டு நோயாளிகளே அடுத்த கட்டடத்தைக் கட்டினார்கள். வயல், தொழுவம், ரொட்டி அடுப்பு, சலவைக்கூடம், தச்சுப்பட்டறை என்று ஊருக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தன. காப்பகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் நாணயம்கூட அடித்தார்கள். உழைத்தவருக்கு அதில் கூலி. அதைக் கொண்டு உள்ளேயே பொருள் வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்காபியாவைப் பற்றி எழுதுபவர்கள் இரண்டு கட்சி. மனிதநேயர் என்பார்கள் ஒரு சாரார். இலவச உழைப்பைக் கொண்டு ராஜ்யம் நடத்தியவர் என்பார்கள் மறு சாரார். எனக்கு இரண்டும் உண்மை என்றே படுகிறது, அதில் முரண்பாடும் தெரியவில்லை. சங்கிலியில் கிடந்தவனுக்கு மண்வெட்டி கிடைத்தால் அது பெரிய விடுதலைதான். ஆனால் அவன் கூலியாகப் பெற்ற நாணயம் வெளிக்கதவைத் தாண்டினால் வெறும் தகரம் என்பதையும் பார்க்க வேண்டும். சிறைக்குள் சிறந்த சிறை நடத்தினார் ஸ்காபியா. ஒன்றை மட்டும் அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும்: ஓய்வு பெற்ற ஆண்டே இறந்துபோன அவர், ஊர்ப் பெரிய மனிதர்களோடு அல்லாமல், காப்பக நோயாளிகளைப் புதைத்த சான் ஃபினொக்கி இடுகாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருக்குப் பின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் நோயாளிகள் 4,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். ஊரில் ஏறத்தாழ எல்லாக் குடும்பத்திலும் யாரோ ஒருவர் அங்கே காவலராகவோ செவிலியராகவோ சமையற்காரராகவோ வேலை பார்த்தார். காப்பகத்துக்கு அரிசியும் துணியும் விற்றவர்கள் வேறு. கட்டடங்களுக்குப் பெரிய பெரிய மருத்துவர்களின் பெயர்களைச் சூட்டினார்கள்: ஷார்கோ, மரலியானோ என்று. குற்றவழக்கில் சிக்கிய மனநோயாளிகளை வைத்த பிரிவுக்கு மட்டும் குற்றவியல் அறிஞர் என்ரிகோ ஃபெர்ரியின் பெயர். பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

வரலாறு படிக்கும் உங்களுக்கு இங்கே ஒரு செய்தி சுவையாக இருக்கும். இன்று வோல்தெர்ராவுக்குப் போகிறவர்கள் தவறாமல் பார்ப்பது மதிலுக்கு வெளியே உள்ள ரோமானிய நாடக அரங்கம். கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன் கட்டியது. இடைக்காலத்தில் ஊர்க் குப்பையை மதிலுக்கு மேலிருந்து அங்கேதான் கொட்டினார்கள். அரங்கம் குப்பைக்குள் மறைந்து, கடைசியில் ஊரும் அதை மறந்தது. 1950-களில் அதைத் தோண்டி எடுத்தவர் என்ரிகோ ஃபியூமி என்ற வரலாற்றாய்வாளர். அவர் குவார்னாச்சி அருங்காட்சியகத்தையும் பார்த்துக்கொண்டார், மனநலக் காப்பகத்தின் நிர்வாகத்திலும் இருந்தார். அகழாய்வுக்குப் பணம் இல்லை. ஆட்கள் இருந்தார்கள். காப்பக நோயாளிகளை அழைத்துவந்து மண்ணை வெட்டச் செய்தார். கீழடியில் குழிக்குள் இறங்கிப் பார்த்த மாணவர்களுக்குத் தெரியும், அகழாய்வு எவ்வளவு பொறுமையும் பக்குவமும் கேட்கும் வேலை என்று. ஆபத்தானவர்கள் என்று நீதிமன்றம் முத்திரை குத்திய மனிதர்கள் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தூண்களைச் சேதமில்லாமல் மீட்டிருக்கிறார்கள். வழிகாட்டி நூல்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தூண்களின் அழகுக்குப் போய்விடுகின்றன.

இனி கடிதங்களுக்கு வருகிறேன். காப்பகத்தில் எழுதத் தெரிந்தவர்கள் கடிதம் எழுதினார்கள். தாய்க்கு, மனைவிக்கு, ஊர்த் தலைவருக்கு, நீதிபதிக்கு, சில சமயம் அரசருக்கு. வந்து கூட்டிப்போங்கள், உடம்பு தேறிவிட்டது, குளிர்காலத்துக்குத் துணி அனுப்புங்கள், பிள்ளை எப்படி இருக்கிறான் என்று, எழுத்துப் பிழைகளோடு, நாட்டுப்புறத்துப் பேச்சு வழக்கிலேயே எழுதினார்கள். கடிதங்களைப் படித்துப் பார்த்து அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் நிர்வாகத்திடம் இருந்தது. அனுப்ப வேண்டாம் என்று தீர்மானித்தவற்றைக் கிழித்துப்போடவில்லை. அதுதான் ஆவணங்களின் விசித்திரம். நோயாளியின் கோப்பில் சேர்த்துக் கட்டினார்கள். அவருடைய நோய்க்கு அவர் கையெழுத்தே சாட்சி என்று. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1970-களில், காப்பகம் திறந்துவிடப்பட்ட காலத்தில் அங்கே பணியாற்றிய மருத்துவர்களும் ஊழியர்களுமே கோப்புகளைப் பிரித்து அந்தக் கடிதங்களைத் தொகுத்து நூலாக்கினார்கள். 1889 தொடங்கி 1974 வரை எழுதிய கடிதங்கள். மறுக்கப்பட்ட கடிதப் போக்குவரத்து என்பது போல ஒரு தலைப்பு அந்த நூலுக்கு.

எண்பத்தைந்து ஆண்டுகள். முடியாட்சி, முசோலினி, போர், குடியரசு என்று இத்தாலி நான்கு முறை சட்டை மாற்றியது. கடிதங்களின் சாரம் மாறவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வீட்டார் பதில் போடவில்லை, மறந்துவிட்டார்கள் என்றே ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். வீட்டில் இருந்தவர்களோ, அவன் எழுதவே இல்லை, முற்றிப்போயிருக்கும் என்று முடிவு கட்டியிருப்பார்கள். இரு தரப்பையும் பிரித்து வைத்தது நோயா, கோப்பைக் கட்டிய அந்த நூலா என்று கேட்டால், நான் நூல் என்றே சொல்வேன்.

இப்போது ரோம்காரர். அவர் பெயர் ஒரெஸ்தே ஃபெர்னாந்தோ நன்னெத்தி. 1927 டிசம்பர் 31-இல் பிறந்தவர். தந்தை பெயர் பதிவில் இல்லை. ஏழு வயதில் அனாதை விடுதி, சில ஆண்டுகளில் மனநல நிறுவனம், பிறகு முதுகெலும்பு நோய்க்காக நீண்ட காலம் மருத்துவமனை. 1948-இல் அரசு ஊழியரை அவமதித்தார் என்று வழக்கு. மனநிலை சரியில்லை என்று நீதிமன்றம் விடுவித்தது. விடுவித்தது என்றால் வீட்டுக்கு அல்ல. ரோம் நகரத்து சாந்தா மரியா தெல்லா பியெத்தா மனநல மருத்துவமனையில் இருந்து 1958-இல் வோல்தெர்ராவுக்கு மாற்றினார்கள். ஃபெர்ரி பிரிவில் வைத்தார்கள்.

யாரோடும் பெரிதாகப் பேசமாட்டார். இல்லாத உறவினர்களுக்கு அஞ்சலட்டை எழுதுவார். மற்றவர்களின் கடிதங்களாவது இருக்கிற தாய்க்கு எழுதியவை. இவருக்கு முகவரி என்றே ஒன்று கிடையாது. நோயாளிகளை நாள்தோறும் கொஞ்ச நேரம் முற்றத்துக்கு விடுவார்கள். அங்கே நன்னெத்தி சுவரில் எழுத ஆரம்பித்தார். பேனா, பென்சில் எதுவும் இல்லை. காப்பகச் சீருடையில் ஒரு வாஸ்கட் உண்டு. அதன் பக்கிளில் இருக்கும் ஊசிதான் எழுத்தாணி. முதலில் சுவர்ப்பூச்சில் பக்கம் போலச் சதுரங்கள் கீறிக்கொள்வார். பிறகு அந்தப் பக்கத்தைக் கோணல் இல்லாமல் நிரப்புவார். வளைவே இல்லாத, முனைகள் கூரான பெரிய எழுத்துகள். எத்ருஸ்கக் கல்வெட்டின் வரிவடிவம் நினைவுக்கு வருகிறது என்று பார்த்தவர் பலரும் சொல்லியிருக்கிறார்கள். இடையிடையே பறக்கும் எந்திரம், கோபுரம், உருவங்கள். 1973 வரை, இடையில் சில ஆண்டுகள் வேறு பிரிவில் இருந்தது போக, ஃபெர்ரியில் இருந்த காலமெல்லாம் எழுதினார். எழுதி முடித்தபோது அந்தச் சுவரெழுத்தின் நீளம் 180 மீட்டர். சுவர் போதாமல் படிக்கட்டு அருகே காங்கிரீட் கைப்பிடிச் சுவரிலும் நூறு மீட்டருக்கு எழுதினார்.

என்ன எழுதினார்? விண்வெளிப் பயணங்கள், கதிர்கள், உலோகங்கள், தான் கைப்பற்றிய நாடுகள், மன்னர் வம்சங்கள். தொலையுணர்வு வழியாகத் தனக்கு வரும் செய்திகளைப் பதிவு செய்கிறேன் என்பது அவர் கணக்கு. தன்னை விண்ணுலகப் பொறியாளர் என்றும் தளபதி என்றும் சொல்லிக்கொள்வார், கையெழுத்து ‘என்.ஓ.எஃப்.4’. இதெல்லாம் பிதற்றல் என்று ஒதுக்குகிறவர்கள் அதே சுவரில் இன்னொரு பகுதியையும் படிக்க வேண்டும். மருத்துவமனையில் நிகழ்ந்த இறப்புகளைக் காரணவாரியாகப் பிரித்துச் சதவீதம் போட்டிருக்கிறார். கொஞ்சம் பேர் கதிர்த் தாக்குதலால், இன்னும் கொஞ்சம் பேர் தொற்றிய நோய்களால். சரிபாதியை வெறுப்பு, அன்பின்மை என்ற கணக்கில் எழுதியிருக்கிறார். மருத்துவமனை நிர்வாகமும் ஆண்டுதோறும் இறப்பு அட்டவணை தயாரித்திருக்கும். இரண்டில் எது உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பதில் எனக்கு அதிகம் குழப்பமில்லை.

அந்தச் சுவரெழுத்தில் ஒரு விவரம் பல நாள் என்னைத் தொந்தரவு செய்தது. முற்றத்துச் சுவரை ஒட்டி பெஞ்சுகள். அவற்றில் அசைவற்று உட்கார்ந்திருக்கும் நோயாளிகள் சிலர். தலையைச் சுவரில் சாய்த்தபடி, நாள் முழுக்க. நன்னெத்தி அவர்களை நகரச் சொல்லவில்லை. அவர்களுடைய தலையைச் சுற்றிக்கொண்டு எழுதினார். அதனால் சுவரில் எழுத்து வளைந்து ஒதுங்கிப்போகும் வெற்றிடங்கள் உண்டாயின. அந்த மனிதர்கள் எவரும் ஒரு சொல்கூட எழுதியவர்கள் அல்லர். அவர்கள் இருந்த இடம் மட்டும் பதிவாகியிருக்கிறது.

இதையெல்லாம் இன்று நாம் அறிவதற்கு ஆல்தோ த்ராஃபெலி என்ற ஆண் செவிலியர் காரணம். நன்னெத்தி மனம்விட்டுப் பேசியது அவரிடம் மட்டும்தான். எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும், எந்தப் பக்கம் எதன் தொடர்ச்சி என்று ஆல்தோ கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஊர்க்காரரான சிற்பி மீனோ த்ராஃபெலி 1985-இல் சுவரெழுத்தை நூலாகக் கொண்டுவந்தார். புகைப்படக்காரர்கள், ஆவணப்பட இயக்குநர்கள் வந்தார்கள். முறையாகக் கலை பயிலாதவர்களின் ஆக்கங்களுக்கென்றே சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் உள்ள அருங்காட்சியகம் 2011-இல் நன்னெத்திக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. அப்போது அவர் இல்லை. 1994-இல் வோல்தெர்ராவிலேயே இறந்துவிட்டார்.

கலை என்று உலகம் ஒப்புக்கொண்டதால்தான் அந்தச் சுவர் கவனம் பெற்றது. நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கலைஞர் என்று அறிவித்ததும் அவரைத் தூக்கி மற்ற நாலாயிரம் பேரிடமிருந்து தனியே வைத்துவிட்டார்கள். மேதையைப் பூட்டி வைத்தது தவறு என்ற வருத்தம் எளிது. மேதை அல்லாதவரைப் பூட்டி வைத்ததற்கு யார் வருந்துவது? நான் அந்தச் சுவரைக் கல்வெட்டாகவே படிக்க விரும்புகிறேன். நம் கோயில் சுவர்களில் அரசன் சொன்னதை எழுதினார்கள். இங்கே கைதி தான் கண்டதை எழுதியிருக்கிறார். கல்வெட்டைப் படிக்கிறவன் எழுத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் ஆண்டு, இடம், யார் பெயர் வருகிறது, யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பான். அந்தப் பழக்கம் இங்கேயும் செல்லும்.

காப்பகம் மூடப்பட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது தனிச் சொற்பொழிவுக்கு உரியது. ஃபிராங்கோ பசாலியா என்ற மருத்துவர் 1961-இல் கொரிட்சியா காப்பகத்துக்கும், 1971-இல் திரியெஸ்தே காப்பகத்துக்கும் பொறுப்பேற்று, கதவுகளைத் திறந்தார். 1973-இல் திரியெஸ்தே நோயாளிகள் காகிதக்கூழால் பெரிய நீலக் குதிரை செய்து ஊர்வலம் போனார்கள். வாசலில் நுழையாததால் வாசலை இடித்தார்கள். 1978 மே 13-இல், முன்னாள் பிரதமர் ஆல்தோ மோரோ கொலையுண்டு கிடந்த நான்காம் நாள், இத்தாலிய நாடாளுமன்றம் 180-ஆம் எண் சட்டத்தை நிறைவேற்றியது. புதிய காப்பகம் கட்டக்கூடாது, இருக்கும் காப்பகத்தில் புதிதாக ஆளைச் சேர்க்கக்கூடாது. கட்டாயச் சிகிச்சை தேவையென்றால் மேயரின் ஆணையோடு ஏழு நாள். நீட்டிக்க வேண்டுமானால் மறுபடியும் காரணம் சொல்ல வேண்டும். மனநலக் காப்பகங்களைச் சட்டம் போட்டு மூடிய முதல் நாடு இத்தாலி.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள், எல்லாரும் கொடுமைக்காரர்கள் அல்லர். பக்கத்து லூக்கா மாவட்டத்தில் மஜ்ஜானோ காப்பகத்திலேயே பல ஆண்டுகள் குடியிருந்து மருத்துவம் பார்த்த எழுத்தாளர் மாரியோ தொபீனோ, போக்கிடம் இல்லாதவர்களை நடுத்தெருவில் விடப்போகிறார்கள் என்று கடுமையாக எழுதினார். அவருடைய அச்சத்தில் நியாயம் இருந்தது. சட்டம் வந்த வேகத்தில் ஊர்தோறும் மனநல மையங்கள் வரவில்லை. பாரம் குடும்பங்களின் மேல், அதிலும் பெண்களின் மேல் விழுந்தது. அப்படியிருந்தும், கோப்பில் கட்டிய கடிதங்களைப் படித்தவன் என்ற முறையில், நான் பசாலியா பக்கம்தான் நிற்பேன்.

வோல்தெர்ராவில் கட்டடம் கட்டடமாகக் காலி செய்தார்கள். ஊருக்கு அது வாழ்வாதாரம் போன கதை. இந்த இரட்டை நினைவுதான் இவ்வூரை மற்ற பாழிடங்களிலிருந்து வேறுபடுத்துகிறது: தாத்தா அங்கே வேலை பார்த்து வீடு கட்டினார் என்று சொல்லும் குடும்பங்கள் ஊருக்குள் இருக்கின்றன, தாத்தா அங்கே செத்தார் என்று சொல்ல வேண்டிய குடும்பங்கள் வேறு ஊர்களில் இருக்கின்றன. இரண்டாமவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

இன்று அங்கே போனால் ஷார்கோ, ஃபெர்ரி, மரலியானோ கட்டடங்கள் மரங்களுக்கு நடுவே நிற்கும். உள்ளே போக அனுமதியில்லை. கூரையும் தளமும் விழும் நிலையில் இருக்கின்றன. நன்னெத்தியின் சுவர்ப்பூச்சு மழையிலும் வெயிலிலும் உதிர்ந்து பெரும்பகுதி போய்விட்டது. சில துண்டுகளை மட்டும் பெயர்த்தெடுத்து ஊரில் பாதுகாக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சாம்பல் பேழைகள் 600-ஐக் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் ஊரால், ஐம்பது ஆண்டுச் சுவருக்கு ஒரு கூரை போட முடியவில்லை. பணம் இல்லை என்பது பாதிக் காரணம்தான். எத்ருஸ்கர்களுக்கு உயிரோடு பேரப்பிள்ளைகள் கிடையாது. நன்னெத்தியைப் பூட்டியவர்களுக்கு உண்டு.

கைவிடப்பட்ட மருத்துவமனை என்று நானும் இவ்வளவு நேரம் சொல்லி வந்தேன். முழு உண்மை அதுவல்ல. அந்த வளாகத்தின் ஒரு பகுதியில்தான் ஊரின் இன்றைய பொது மருத்துவமனை இயங்குகிறது. குற்றவழக்கில் சிக்கிய மனநோயாளிகளுக்கான சிறை மருத்துவமனைகளையும் இத்தாலி 2015-இல் சட்டப்படி மூடியபோது, அவர்களுக்கு மாற்றாக மாநிலம்தோறும் சிறு காப்பு இல்லங்கள் அமைத்தார்கள். டஸ்கனி மாநிலத்துக்கான இல்லம் எங்கே வந்தது தெரியுமா? வோல்தெர்ராவில், இதே வளாகத்தில், பழைய மோரெல் கட்டடத்தில். ஃபெர்ரி பிரிவு யாருக்காகக் கட்டப்பட்டதோ அதே வகை மனிதர்கள், சிறு எண்ணிக்கையில், நல்ல சிகிச்சையோடு, வேலிக்குள் இருக்கிறார்கள். பாழடைந்த கட்டடத்தைப் படமெடுக்க வருகிறவர்களின் கேமரா அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பழைய மருத்துவமனை, தொழுநோய் இல்லம், அனாதை விடுதி, சீர்திருத்தப் பள்ளி என்று நம் மாவட்டங்களிலும் கட்டடங்கள் இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. கட்டடத்தைப் படம் எடுப்பதற்கு முன் அலுவலகத்துக்குப் போய், பதிவேடுகளும் கோப்புகளும் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். அனுமதி வாங்கிப் படியுங்கள். நோயாளிகளின் பெயரை வெளியிடாதீர்கள். அங்கே வேலை பார்த்த ஆயா, வார்டுபாய், சமையற்காரர் யாராவது உயிரோடு இருந்தால் போய்ப் பேசிப் பதிவு செய்யுங்கள். பழைய ஏடுகளை எடைக்குப் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் காத்திருக்காமல் அன்றைக்கே மாவட்ட ஆட்சியருக்கும், சென்னை ஆவணக் காப்பகத்துக்கும், உங்கள் துறைக்கும் எழுதுங்கள்.